நாலு ஜிகாஹெர்ட்ஸ் ரேடாரில் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி ஏன் தெரியவில்லை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 77 முதல் 81 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஒரு எஃப்எம்சிடபிள்யூ (அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே தொடர்ச்சியாக அலை அனுப்பும்) ரேடார் மாட்யூல் வாங்கியிருக்கிறீர்கள். பேண்ட்வித் (அதிர்வெண் ஓடும் அகலம்) 4 ஜிகாஹெர்ட்ஸ், தூரப் பகுதிறன் (இரண்டு பொருள்கள் தனித்தனியாகத் தெரியத் தேவையான குறைந்தபட்ச இடைவெளி) சுமார் 4 சென்டிமீட்டர் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி, 10 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு அலுமினியத் தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்றை மற்றதைவிட 6 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைத்தீர்கள். திரையில் ஒரே ஒரு மேடுதான் வருகிறது. எஃப்எஃப்டி-யை (பதிவான சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) 256-லிருந்து 4096 புள்ளிக்கு ஸீரோ பேடிங் செய்து, அதாவது பதிவின் முடிவில் பூஜ்யங்களைச் சேர்த்துப் பார்த்தும் மேடு வழவழப்பானதே தவிர இரண்டாகப் பிரியவில்லை. டேட்டாஷீட் பொய் சொல்கிறதா, இந்தப் பகுதிறன் எல்லையை உடைத்துவிட்டதாக 2023-இல் வந்த செய்தி உண்மை என்றால் மென்பொருளிலேயே சரிசெய்ய முடியாதா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், தண்ணீர்த் தொட்டியில் மேலே மிதக்கும் எண்ணெய் அடுக்கின் தடிமனை அளக்கத்தான் இந்தப் பாடெல்லாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரி முக்கியமானது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ரேடார் சிக்னல் பிராசசிங்கில் பல வருடங்களாக வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: டேட்டாஷீட் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்லும் எண், உங்கள் செட்டிங்கில் உங்களுக்குக் கிடைக்கும் எண் அல்ல. இரண்டுக்கும் நடுவே என்னென்ன நடக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? ஒளியின் வேகத்தைப் பேண்ட்வித்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 4 ஜிகாஹெர்ட்ஸுக்கு 3.75 சென்டிமீட்டர், 1 ஜிகாஹெர்ட்ஸுக்கு 15 சென்டிமீட்டர், 150 மெகாஹெர்ட்ஸுக்கு 1 மீட்டர். 77 ஜிகாஹெர்ட்ஸ் என்ற பெரிய எண்ணுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நிறையப் பேர் அதிர்வெண் உயர உயரப் பகுதிறன் தானாகக் கூடும் என்று நினைக்கிறார்கள். உயர்ந்த அதிர்வெண்ணில் அகலமான இடம் காலியாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். 24 ஜிகாஹெர்ட்ஸில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள பட்டை 250 மெகாஹெர்ட்ஸ், அதில் 60 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். கார் ரேடார்கள் 77-க்கு ஏறியதற்கு இது ஒரு பெரிய காரணம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளுக்கும் இதே கணக்குதான். அதன் எல் பட்டை ரேடாரின் அதிகபட்ச பேண்ட்வித் 80 மெகாஹெர்ட்ஸ், ஆகவே பார்வைக் கோட்டில் சுமார் 1.9 மீட்டர், அதைத் தரையில் சரித்துப் போட்டால் இன்னும் நீளும்.

இந்த வகுத்தல் கணக்கு ஓர் இலட்சிய நிலைக்கானது என்பது பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். மார்ஷல் தீவுகளில், குவாஜலீன் பவளத்தீவில் எம்ஐடி லிங்கன் ஆய்வகம் நிறுவிய ஆல்கோர் ரேடார் 1970-இல் இயங்கத் தொடங்கியது. நீண்ட தூரம் பார்க்கும் அகலப்பட்டை ரேடார்களில் முன்னோடி அது. 10 மைக்ரோசெகண்ட் நீளமுள்ள பல்ஸ். அதைச் சும்மா ஒரே அதிர்வெண்ணில் அனுப்பியிருந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்கள்கூட ஒன்றாகத் தெரிந்திருக்கும். அந்த 10 மைக்ரோசெகண்டுக்குள் அதிர்வெண்ணை 512 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு ஓடவிட்டு, திரும்பி வந்ததைச் சுருக்கினார்கள். நம் கணக்குப்படி 29 சென்டிமீட்டர் வரவேண்டும். ஆனால் அவர்கள் சொன்ன பகுதிறன் அரை மீட்டர். பக்கமடல்களை (மேட்டின் இருபுறமும் எழும் போலிச் சிறு மேடுகளை) அடக்க விண்டோ போட்டதற்குக் (பதிவின் இரு ஓரங்களையும் படிப்படியாகக் குறைத்ததற்குக்) கொடுத்த விலையையும் சேர்த்தே எண்ணைச் சொன்னார்கள். நேர்மையான பழக்கம் அது. இன்றைய மாட்யூல்களின் டேட்டாஷீட்டில் அந்த விலை சேர்வதில்லை.

இனி உங்கள் மாட்யூலுக்கு வருவோம். எஃப்எம்சிடபிள்யூ-வில் தூரம் ஒரு தொனியாக மாறுகிறது. சிர்ப் (அதிர்வெண் சீராக ஏறும் அலை) ஏறிக்கொண்டே இருக்கும்போது, போய்வந்த எதிரொலி சற்றுத் தாமதமாக வருவதால் இரண்டுக்கும் ஒரு அதிர்வெண் வித்தியாசம் இருக்கும், அந்த பீட் அதிர்வெண்ணைத்தான் ஏடிசி (சிக்னலை எண்களாக மாற்றும் பகுதி) பதிவு செய்கிறது. 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தகடு என்றால் மிக நெருக்கமான இரண்டு தொனிகள். தம்புராவில் இரண்டு சாரணித் தந்திகளைச் சேர்க்கும்போது சுருதி மயிரிழை விலகியிருந்தால், மீட்டிய கணத்தில் தெரியாது. அந்த அலையடிப்பு ஒரு சுற்றாவது வரும்வரை காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். விலகல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நேரம் கேட்க வேண்டும். ரேடாருக்கும் இதே நிபந்தனைதான். ஆகவே கணக்கில் சேருவது சிர்ப் மொத்தமாக ஓடிய பேண்ட்வித் அல்ல, ஏடிசி விழித்திருந்த நேரத்தில் ஓடிய பேண்ட்வித் மட்டுமே.

நீங்கள் கொடுத்த செட்டிங்கை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரிவு மைக்ரோசெகண்டுக்கு 70 மெகாஹெர்ட்ஸ், ஏற்றம் 57 மைக்ரோசெகண்ட், மொத்தம் 3.99 ஜிகாஹெர்ட்ஸ். இதைப் பார்த்துத்தான் 4 ஜிகாஹெர்ட்ஸ் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். ஆனால் நொடிக்கு 6.25 மெகா சாம்பிள் வீதத்தில் 256 சாம்பிள் எடுத்திருக்கிறீர்கள், அதற்கு 41 மைக்ரோசெகண்ட்தான் ஆகும். மீதி நேரம் சிர்ப் ஏறுகிறது, யாரும் பதிவு செய்யவில்லை. 41-ஐ 70-ஆல் பெருக்கினால் சுமார் 2.87 ஜிகாஹெர்ட்ஸ். பகுதிறன் 5.2 சென்டிமீட்டர். டேட்டாஷீட்டின் 4 சென்டிமீட்டரில் கால்வாசிக்கு மேல் இங்கேயே போய்விட்டது.

அப்புறம் விண்டோ. நீங்கள் பயன்படுத்திய மாதிரி நிரலில் ஹான் விண்டோ இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விண்டோ போடாவிட்டால் ஒரு வலுவான எதிரொலியின் முதல் பக்கமடல் 13 டெசிபல்தான் கீழே இருக்கும், பக்கத்தில் உள்ள பலவீனமான பொருள் அதில் மூழ்கிவிடும். ஹான் போட்டால் பக்கமடல் 31 டெசிபலுக்குக் கீழே போகும், பதிலுக்கு நடுமேடு அகன்றுவிடும். எவ்வளவு அகலும் என்பதை 6 டெசிபல் அகலத்தால் அளப்பது நல்லது. காரணம் இதுதான்: சம வலுவுள்ள இரண்டு எதிரொலிகள் ஒரே அலைக்கட்டத்தில் (ஃபேஸ்) வந்தால், இரண்டு மேடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒவ்வொன்றும் உச்சத்தில் பாதி இருந்தாலே கூட்டினால் முழு உச்சம் ஆகிவிடும், நடுவே பள்ளமே இருக்காது. பாதி வீச்சு என்பது 6 டெசிபல். அந்த அகலத்தைத் தூரக் கட்டங்களில் (ஒரு கட்டம் என்பது மேலே கணக்கிட்ட பகுதிறன் அளவு) சொன்னால், விண்டோ இல்லாதபோது 1.21 கட்டம், ஹானுக்கு 2 கட்டம், ஹாமிங்குக்குச் சுமார் 1.8. ஒரு கட்டம் 5.2 சென்டிமீட்டர் என்றால் ஹானில் உங்கள் உண்மையான எல்லை பத்தரை சென்டிமீட்டர். 6 சென்டிமீட்டர் பிரியாததில் ஆச்சரியமே இல்லை. விண்டோவை எடுத்துவிட்டால்கூட 6.3, அதாவது விளிம்பில்தான் இருந்திருப்பீர்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியான கணக்கு, இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அடுத்தது அதே அளவு உறுதியானது, ஆனால் பலரும் சோதித்துப் பார்க்காதது. இரண்டு எதிரொலிகளும் ஒன்றோடொன்று எந்த அலைக்கட்டத்தில் சேருகின்றன என்பதைப் பொறுத்து, அதே இடைவெளி ஒரு சமயம் ஒரே மேடாகவும் இன்னொரு சமயம் இரண்டாகவும் தெரியும். 79 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3.8 மில்லிமீட்டர். பின்தகட்டைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே, அலை போகவும் வரவும் சேர்ந்து அரை அலைநீளம் மாறிவிடும், கூடிக்கொண்டிருந்தவை கழித்துக்கொள்ள ஆரம்பிக்கும், நடுவில் ஆழமான பள்ளம் விழும். உங்கள் தகட்டுக்குக் கீழே காகிதங்களைச் செருகியோ, ஸ்க்ரூ வைத்த சிறு நகர்த்தியாலோ, கால் கால் மில்லிமீட்டராக நகர்த்திப் பாருங்கள், திரையில் இது நடப்பதைப் பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள். ஒரு எச்சரிக்கை: எதிர் அலைக்கட்டத்தில் சேரும்போது தெரியும் இரண்டு மேடுகளும் உண்மையான இடத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கும். இரண்டு பீக் தெரிந்ததாலேயே அவற்றின் இடைவெளியை நம்பிவிடக் கூடாது. ஒரே ஒரு நிலையில் வைத்துச் சோதித்துவிட்டு பிரிகிறது, பிரியவில்லை என்று முடிவு செய்யும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

ஸீரோ பேடிங் பற்றி. 4096 புள்ளி எஃப்எஃப்டி-யில் உங்கள் புள்ளிகள் 3.3 மில்லிமீட்டருக்கு ஒன்று வருகின்றன, ஆனால் அவை ஏற்கெனவே இருந்த வளைவின்மேல் நெருக்கமாக வைத்த புள்ளிகள், புதுத் தகவல் எதுவும் உள்ளே வரவில்லை. இது பயனற்றது என்று சொல்லவில்லை. தனியாக ஒரே பொருள் இருந்தால் அதன் உச்சி எங்கே என்பதை மிக நுணுக்கமாகக் கண்டுபிடிக்க இது உதவும். துல்லியம் வேறு, பகுதிறன் வேறு. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பது துல்லியம், அங்கே இருப்பது ஒன்றா இரண்டா என்பது பகுதிறன். முன்னது சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் கூடக் கூட மேம்படும். அலைக்கட்டத்தையும் பயன்படுத்தினால் மில்லிமீட்டருக்கும் கீழே போகலாம். மூச்சுவிடும்போது மார்பு அசைவதை இதே 77 ஜிகாஹெர்ட்ஸ் சில்லுகள் அளப்பது இப்படித்தான். விளம்பரங்களில் இந்த இரண்டும் கலந்து எழுதப்படுவதால்தான் இத்தனை குழப்பம்.

உங்கள் தகடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டையான தகடு சோதனைக்கு மோசமான பொருள். இந்த அலைநீளத்தில் அது கண்ணாடி மாதிரி. இரண்டு மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் தகடு இரண்டு மூன்று டிகிரி சாய்ந்தாலே எதிரொலி ரேடாருக்குத் திரும்பாமல் வேறு பக்கம் போய்விடும். ஆகவே நீங்கள் பார்த்த ஒரே மேடு உண்மையிலேயே ஒரே தகடாக இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. உங்கள் பதிவுக் கோப்பைப் பார்க்காமல் அதை என்னால் தீர்மானிக்க முடியாது. ஒரு தகட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. தனித்தனியாக இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம் வந்தால்தான் சேர்த்து வைத்த சோதனைக்கு அர்த்தம். முடிந்தால் தகட்டை விட்டுவிட்டு, மூன்று முகங்கள் செங்குத்தாகச் சேரும் கார்னர் ரிஃப்ளெக்டர் இரண்டு செய்துகொள்ளுங்கள். 5 சென்டிமீட்டர் விளிம்புள்ள சிறிய ஒன்றே இந்த அதிர்வெண்ணில் ஒன்றரைச் சதுர மீட்டருக்கு மேல் எதிரொலிப் பரப்பு தரும், திசை சற்றுத் தப்பினாலும் பரவாயில்லை.

இப்போது எல்லையை உடைத்த செய்திக்கு வருவோம். ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது என்பதுபோல இது இயற்கை விதி அல்ல. இங்கே இரண்டே இரண்டு எதிரொலிகள்தான் இருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்து, இரைச்சலும் மிகக் குறைவாக இருந்தால், மேடு ஒன்றாகத் தெரிந்தாலும் அதன் வடிவத்தின் நுட்பமான மாற்றத்திலிருந்து இடைவெளியைக் கணித்துவிடலாம். 2023-இல் சாப்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்டு நீங்கள் குறிப்பிட்ட கட்டுரை, எதிரொலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது உண்டாகும் குறுக்கீட்டைப் பயன்படுத்துவது. அது அழகான வேலை, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆய்வகத்தில் இரண்டு எதிரொலிகளை வைத்துக் காட்டுவதும், சுவர், மேசை, தரை எல்லாம் எதிரொலிக்கும் ஓர் அறையில் எத்தனை பொருள் என்றே தெரியாமல் பிரித்துக் காட்டுவதும் வேறு வேறு. இந்த முறை ஆய்வகத்துக்கு வெளியே வேலை செய்யும் ரேடார்களில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது என் பார்வையில் இன்னும் திறந்த கேள்வி.

மியூசிக் (MUSIC) என்ற கணக்கு முறை போன்ற, எல்லைக்குக் கீழே பிரிக்க முயலும் பழைய மீப்பகுதிறன் முறைகளுக்கும் இதே நிபந்தனைகள் உண்டு, கூடவே அதிகம் பேசப்படாத ஒரு சிக்கலும் உண்டு. மியூசிக் முறைக்கு மூலங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருக்கவேண்டும், ஆனால் அசையாத இரண்டு பொருள்களிலிருந்து ஒரே சிர்ப் திரும்பிவருவது முழுக்க முழுக்கத் தொடர்புள்ளது. இதைச் சமாளிக்கப் பதிவைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள், ஆனால் துண்டு சிறிதானால் பேண்ட்வித்தும் சிறிதாகிறது. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கிற கதை. எல்லையில் பாதி அளவுக்குக் கீழே போகப் போக, தேவைப்படும் சிக்னல் வலு மிகச் செங்குத்தாக ஏறும். வரைபடத்தில் கூர்மையான இரண்டு ஊசிகள் வந்துவிட்டன என்று மகிழ்ந்துவிடாதீர்கள், இந்த முறைகள் இல்லாத இடத்திலும் ஊசி காட்டும்.

பேண்ட்வித்தை ஏற்றிக்கொண்டே போவதும் இலவசம் இல்லை. உங்கள் தொட்டி அசையாது, கவலை வேண்டாம். ஆனால் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் காரை 20 மில்லிசெகண்ட் பார்த்தால் அது 60 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 3.75 சென்டிமீட்டர் கட்டங்களில் அது 16 கட்டம். எதிரொலி ஒரே கட்டத்தில் நிற்காமல் சிதறிவிடும், அதைத் திருத்துவது தனி வேலை.

சரி, தொட்டி. இங்கே உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது: எண்ணெய்க்குள் அலை மெதுவாகப் போகும். கனிம எண்ணெயின் மின்கடத்தாப் பொருள் மாறிலி சுமார் 2.2, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய ஒன்றரை. ஆகவே 6 சென்டிமீட்டர் எண்ணெய் ரேடாருக்கு 9 சென்டிமீட்டர் காற்றாகத் தெரியும். எதிர்ப்பக்கம், இரண்டு பரப்புகளின் வலுவும் சமமாக இருக்காது. எண்ணெயின் மேற்பரப்பு வரும் சக்தியில் 4 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும், கீழே தண்ணீர் 30 சதவீதம் அளவுக்கு அனுப்பும். ஆக, முதலில் வரும் எதிரொலி பின்னால் வருவதைவிட ஏறக்குறைய 9 டெசிபல் பலவீனம், பக்கமடலோடு மோதும் அளவுக்கு நெருக்கம். விண்டோவே இல்லாமல் போவது இங்கே ஆபத்து, ஹான் தேவைக்கு மேல் அகலம். டெய்லர் விண்டோவை 25 அல்லது 30 டெசிபலுக்கு வைத்து ஆரம்பிப்பேன். மேலும், இரண்டே பரப்புகள்தான் என்று உறுதியாகத் தெரிந்த இடம் இது. மாதிரியை வைத்துப் பொருத்திப் பார்க்கும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது, எல்லைக்குச் சற்றுக் கீழே போக முயல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எண்ணெயின் மாறிலி தெரியாமல் தடிமன் வராது, அது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். உங்கள் எண்ணெயில் தெரிந்த தடிமனை வைத்து ஒரு முறை அளவுதிருத்தம் செய்தே ஆகவேண்டும். இரண்டுக்கும் நடுவே குழம்பிய கலவை அடுக்கு இருந்தால், தெளிவான இரண்டாம் பரப்பே கிடைக்காது. அதற்கு எந்த பேண்ட்வித்தும் உதவாது.

தொழிற்சாலைகளில் இந்த வேலைக்கு, தண்டு வழியாக அலையை உள்ளே இறக்கும் கைடட் வேவ் ரேடாரைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். அவற்றிலும் மேலடுக்கு சில சென்டிமீட்டராவது இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இருக்கும், நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே எல்லையின் இன்னொரு முகம் அது. உங்கள் எண்ணெய் அடுக்கு எப்போதும் 2 சென்டிமீட்டருக்குக் கீழேதான் இருக்கும் என்றால் இந்த மாட்யூலோடு போராட வேண்டாம் என்பது என் கருத்து.

செய்யவேண்டிய வரிசையைச் சொல்கிறேன். சாம்பிள் வீதத்தை 5 மெகாவாகக் குறையுங்கள். 256 சாம்பிளுக்கு 51.2 மைக்ரோசெகண்ட் ஆகும், பதிவாகும் பேண்ட்வித் 3.58 ஜிகாஹெர்ட்ஸாக உயரும், ஒரு கட்டம் 4.2 சென்டிமீட்டர். விலை என்னவென்றால், காம்ப்ளெக்ஸ் சாம்பிளிங்கில் அதிகபட்சத் தூரம் 13 மீட்டரிலிருந்து 10.7-க்கு இறங்கும், தொட்டிக்கு அது தாராளம். ஏற்றத்தின் முதல் சில மைக்ரோசெகண்டுகளைத் தொடாதீர்கள், சிர்ப் நேர்கோட்டில் நிலைபெற அந்த நேரம் வேண்டும். பிறகு ஒரே ஒரு கார்னர் ரிஃப்ளெக்டரை வைத்து அதன் மேட்டின் 6 டெசிபல் அகலத்தை அளந்து பாருங்கள். ஹான் என்றால் எட்டரை சென்டிமீட்டருக்குப் பக்கத்தில், விண்டோ இல்லாவிட்டால் 5 சென்டிமீட்டர் அளவில் வரவேண்டும். வந்தால் மாட்யூல் சொன்னபடி வேலை செய்கிறது, இரண்டாவது ரிஃப்ளெக்டரைக் கொண்டுவாருங்கள். அதைவிடக் கணிசமாக அகன்றிருந்தால் சிர்ப்பின் நேர்த்தன்மையையும் ரிசீவர் நிரம்பி வழிகிறதா என்பதையும் முதலில் பாருங்கள், அந்த ஒற்றை ரிஃப்ளெக்டரின் மூல ஏடிசி பதிவையும் இங்கே போடுங்கள், எஃப்எஃப்டி-க்குப் பிந்தைய படம் மட்டும் போதாது.